பள்ளிக்கூடம் கேட்ட மாலுமி

அமெரிக்கா பெரிய நாடு. பணக்கார நாடு. நாம் எல்லோரும் அதன் பெயரைக் கேட்டிருக்கிறோம். அந்த நாட்டில் 1865ஆம் ஆண்டு வரை மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். ஆடு மாடு வாங்குவது போல ஏலம் விட்டு வாங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட கருப்பின மக்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப் பிள்ளைகளும் அடிமைகளாக இருந்தார்கள்.

அப்படி அடிமையாகப் பிறந்த ஒருவர் பின்னாளில் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். சட்டம் செய்தார். அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். 23 வயதில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய கதையைப் படிப்போம்.

அடிமை வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் தெற்கே தென் கரோலினா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் பியூஃபர்ட் என்னும் சிற்றூர் உள்ளது. 1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ராபர்ட் அங்கே பிறந்தான். தாய் பெயர் லிடியா. அவர் மெக்கீ என்ற வெள்ளைக்காரர் வீட்டில் அடிமையாக வேலை செய்தார். எஜமானரின் பெரிய வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை. அந்தக் குடிசைதான் அவர்கள் வீடு.

தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதுதான் அன்றைய சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. 1834ஆம் ஆண்டு தென் கரோலினா அரசு அதைப் போட்டது. அடிமைகளுக்கு யாரும் எழுதப் படிக்கச் சொல்லித் தரக் கூடாது. மீறிச் சொல்லித் தந்தவர் வெள்ளையர் என்றால் 100 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சொல்லித் தந்தவர் கருப்பர் என்றால் 50 கசையடி வரை தண்டனை.

எழுத்தைக் கண்டு எஜமானர்கள் ஏன் இப்படிப் பயந்தார்கள்? அதற்குக் காரணம் உண்டு. அடிமை ஒருவர் ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால் எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்க வேண்டும். எழுதத் தெரிந்த அடிமை தானே சீட்டு எழுதிக் கொள்வார். தப்பி விடுவார். பத்திரிகை படிப்பார். உலகம் தெரிந்து கொள்வார். பிறகு எப்படி அடங்கி இருப்பார்?

சார்லஸ்டன் துறைமுகம்

ராபர்ட்டுக்கு 12 வயது ஆனது. எஜமானர் அவனைச் சார்லஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார். அது பெரிய துறைமுக நகரம். ராபர்ட் ஓட்டலில் பரிமாறினான். தெரு விளக்கு ஏற்றினான். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். கப்பலின் பாய் தைக்கக் கற்றான். கடைசியில் சுக்கான் பிடித்துக் கப்பல் செலுத்தவும் கற்றான்.

வேலை செய்தவன் ராபர்ட். சம்பளம் எஜமானருக்குப் போனது. ராபர்ட்டுக்குக் கிடைத்தது வாரம் ஒரு டாலர்.

1856ஆம் ஆண்டு ராபர்ட் ஹன்னா என்ற பெண்ணைத் திருமணம் செய்து கொண்டார். ஹன்னா ஓட்டலில் வேலை செய்தவர். அவரும் அடிமைதான். அவருடைய எஜமானர் வேறு ஒருவர். இருவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை யாருக்குச் சொந்தம்? ஹன்னாவின் எஜமானருக்குச் சொந்தம். அவர் நினைத்தால் தாயையும் மகளையும் எங்கே வேண்டுமானாலும் விற்று விடலாம்.

ராபர்ட் அந்த எஜமானரிடம் போனார். மனைவியையும் மகளையும் தானே விலைக்கு வாங்கிக் கொள்வதாகக் கேட்டார். எஜமானர் சொன்ன விலை 800 டாலர். வாரம் ஒரு டாலர் சம்பாதிப்பவர் 800 டாலருக்கு எங்கே போவார்? ராபர்ட் கூடுதல் வேலை செய்து காசு சேர்க்கத் தொடங்கினார். முழுப் பணமும் சேருவதற்குள் போர் வந்து விட்டது.

கப்பலோடு தப்பினார்

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் அடிமை முறை ஒழிந்திருந்தது. தெற்கு மாநிலங்கள் அதை விட மறுத்தன. தெற்கில் 11 மாநிலங்கள் பிரிந்து போய்த் தனி அரசு அமைத்தன. 1861ஆம் ஆண்டு ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டது. சார்லஸ்டன் துறைமுகத்துச் சம்டர் கோட்டையில்தான் முதல் குண்டு விழுந்தது.

தெற்குப் படையிடம் பிளான்டர் என்று ஒரு நீராவிக் கப்பல் இருந்தது. பீரங்கியும் வெடிமருந்தும் ஏற்றிச் செல்லும் கப்பல் அது. கப்பல் தலைவரும் அதிகாரிகளும் வெள்ளையர்கள். மற்ற வேலையாட்கள் எல்லோரும் அடிமைகள். ராபர்ட் அந்தக் கப்பலில் சுக்கான் பிடித்தார். எந்த இடத்தில் ஆழம், எங்கே மணல் திட்டு, எங்கே கண்ணிவெடி என்பது அவருக்கு மனப்பாடம். எந்தக் கோட்டையைக் கடக்கும்போது எப்படிச் சங்கு ஊத வேண்டும் என்பதும் தெரியும்.

துறைமுகத்துக்கு வெளியே கடலில் வடக்குப் படையின் போர்க் கப்பல்கள் நின்றன. அங்கே போய்ச் சேர்ந்தால் விடுதலை. நடுவில் ஐந்து கோட்டைகள். ஒவ்வொன்றிலும் பீரங்கி.

1862ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கப்பலை விட்டு இறங்கினார்கள். தங்கள் வீடுகளுக்குத் தூங்கப் போனார்கள். ராபர்ட் காத்திருந்தது இந்த நாளுக்குத்தான். விடியற்காலை மூன்று மணி அளவில் அவரும் தோழர்களும் கொதிகலனில் நெருப்பு மூட்டினார்கள். வேறொரு கப்பலில் ஒளிந்திருந்த ஹன்னாவையும், பிள்ளைகளையும், மற்றவர்களையும் ஏற்றிக் கொண்டார்கள். மொத்தம் 16 பேர்.

ராபர்ட் கப்பல் தலைவரின் உடுப்பைப் போட்டுக் கொண்டார். அவருடைய வைக்கோல் தொப்பியையும் தலையில் வைத்துக் கொண்டார். கப்பல் தலைவர் நிற்பது போலவே நின்றார். இருட்டில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒவ்வொரு கோட்டையாகக் கடந்தார்கள். கடைசியில் சம்டர் கோட்டை. இரண்டு முறை நீளமாக, ஒரு முறை குட்டையாகச் சங்கு ஊதினார் ராபர்ட். கோட்டைக் காவலர்கள் "போகலாம்" என்று விட்டு விட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் போன பிறகுதான் கோட்டையில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது.

ஆனால் ஆபத்து முடியவில்லை. எதிரே வடக்குப் படையின் ஆன்வர்ட் என்ற கப்பல் நின்றது. எதிரியின் கப்பல் வருகிறது என்று நினைத்துச் சுடத் தயாரானது. பிளான்டரில் தெற்குக் கொடியை இறக்கினார்கள். ஹன்னா கொண்டு வந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கம்பத்தில் ஏற்றினார்கள். அந்த நேரம் சூரியன் உதித்தது. வெள்ளைக் கொடி தெரிந்தது. பீரங்கிகள் வெடிக்கவில்லை. 16 பேரும் விடுதலை பெற்றார்கள்.

கப்பலோடு பீரங்கிகளும், இரகசியச் செய்திக் குறிப்புப் புத்தகமும் வடக்குப் படைக்குக் கிடைத்தன. அரசு ராபர்ட்டுக்கு 1,500 டாலர் பரிசு கொடுத்தது. 800 டாலர் கொடுத்து யாரையும் வாங்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

25 வயதில் எழுத்து

ராபர்ட் தன் விடுதலையோடு நிற்கவில்லை. 1862ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் தலைநகர் வாஷிங்டன் போனார். ஒரு பாதிரியாரும் உடன் சென்றார். கருப்பரையும் படையில் சேர்க்க வேண்டும் என்று போர் அமைச்சரிடம் கேட்டார்கள். தென் கரோலினாவில் 5,000 பேர் வரை சேர்க்க உத்தரவு கிடைத்தது. போர் முடிவதற்குள் வடக்குத் தரைப்படையில் சுமார் 1,80,000 கருப்பர்கள் போரிட்டார்கள். ராபர்ட்டும் பல சண்டைகளில் கப்பல் செலுத்தினார். 1863ஆம் ஆண்டு கடும் சண்டை நடுவே பிளான்டர் கப்பலின் வெள்ளைத் தலைவர் பயந்து நிலக்கரி அறையில் ஒளிந்து கொண்டார். ராபர்ட் கப்பலைக் காப்பாற்றினார். அதன் பின் அவரே கப்பல் தலைவர் ஆனார்.

1864ஆம் ஆண்டு பிளான்டர் கப்பல் பழுது பார்ப்பதற்காக வடக்கே பிலடெல்பியா நகரத்துக்குச் சென்றது. வேலை முடியப் பல மாதம் ஆனது. அந்த மாதங்களை ராபர்ட் வீணாக்கவில்லை. ஆசிரியர் வைத்து எழுதப் படிக்கக் கற்றார். நாடே புகழ்ந்த வீரர் அவர். ஆனாலும் 25 வயதில் முதல் எழுத்திலிருந்து தொடங்க அவர் வெட்கப்படவில்லை.

அதே நகரத்தில் அவருக்கு ஓர் அவமானமும் நேர்ந்தது. அவர் குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் ஏறினார். கருப்பர் உள்ளே உட்காரக் கூடாது என்றார்கள். அவர் இறங்கி நடந்தே போனார். இந்தச் செய்தி பரவியது. பலர் கண்டனம் செய்தார்கள். போராட்டம் வலுத்தது. 1867ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றம் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. சட்டமன்றத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை ராபர்ட் கண்ணால் கண்டார்.

எஜமானர் வீட்டை வாங்கினார்

1865ஆம் ஆண்டு போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. ராபர்ட் பியூஃபர்ட் திரும்பினார். அவர் பிறந்த குடிசைக்கு முன்னால் இருந்த பெரிய வீடு வரி பாக்கிக்காக ஏற்கெனவே ஏலத்துக்கு வந்திருந்தது. அந்த வீட்டை ராபர்ட் வாங்கியிருந்தார். தாயோடும் மனைவி மக்களோடும் அங்கே குடியிருந்தார்.

முன்பு வீடு வைத்திருந்த குடும்பத்தார் ஏலம் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1878ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. ஏலச் சான்றிதழ் செல்லும், வீடு ராபர்ட்டுக்கே சொந்தம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒரு தாள் அவர் வீட்டைக் காப்பாற்றியது.

சட்டம் செய்தார்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு. போருக்குப் பின் தெற்கு மாநிலங்கள் புதிய அரசியல் சட்டம் எழுத வேண்டும் என்று நாட்டின் நாடாளுமன்றம் கட்டளையிட்டது. கருப்பின ஆண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. பெண்களுக்கு ஓட்டு இல்லை. தன் உயிரைப் பணயம் வைத்துக் கப்பல் ஏறிய ஹன்னாவுக்கும் ஓட்டு இல்லை. அவர் 1883ஆம் ஆண்டு காலமானார். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை 1920ஆம் ஆண்டுதான் வந்தது.

1868ஆம் ஆண்டு ஜனவரியில் சார்லஸ்டன் நகரத்தில் அரசியல் சட்ட மாநாடு கூடியது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கருப்பர்கள். பியூஃபர்ட் மக்கள் ராபர்ட்டை அனுப்பினார்கள்.

ராபர்ட் அங்கே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசு பள்ளிக்கூடம் வேண்டும். கட்டணம் கூடாது. ஏழை பணக்காரர் வேற்றுமை கூடாது. எல்லோரும் கட்டாயமாகப் படிக்க வேண்டும்.

கட்டாயம் என்பதைச் சிலர் எதிர்த்தார்கள். விவாதம் நடந்தது. கடைசியில் புதிய அரசியல் சட்டத்தில் கல்விக்குத் தனிப் பகுதி இடம் பெற்றது. 6 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் மொத்தம் 24 மாதமாவது பள்ளிக்குப் போக வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இப்படி எழுதினார்கள். நடைமுறையில் கருப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படித்தார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் வந்தது. 34 ஆண்டுகளுக்கு முன் எழுத்தைக் குற்றமாக்கிய அதே மாநிலம் இப்போது எழுத்தைக் கடமையாக்கியது.

அதே ஆண்டு ராபர்ட் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1870ஆம் ஆண்டு மேலவை உறுப்பினர் ஆனார். அவர் சட்டமன்றத்தில் இருந்த காலத்தில், 1869ஆம் ஆண்டு, தென் கரோலினா அரசு ஒரு நிலக் குழு அமைத்தது. பெரிய பண்ணைகளை வாங்கித் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். நிலம் இல்லாதவர்களுக்குத் தவணை முறையில் விற்றார்கள்.

1875ஆம் ஆண்டு ராபர்ட் நாட்டின் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1887ஆம் ஆண்டு வரை இடைவெளி விட்டு விட்டுப் பல முறை உறுப்பினராக இருந்தார்.

வழக்கும் வன்முறையும்

பழைய எஜமானர்களுக்கு இது பொறுக்கவில்லை. சிவப்புச் சட்டை போட்ட ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊராகப் போய்க் கருப்பு வாக்காளர்களை மிரட்டின. 1876ஆம் ஆண்டு ஹாம்பர்க் என்னும் ஊரில் கருப்பர் பலர் கொல்லப்பட்டார்கள். 1877ஆம் ஆண்டு ஆட்சி பழையவர்கள் கைக்குப் போனது.

அந்த ஆண்டே ராபர்ட் மேல் வழக்கு வந்தது. மேலவையில் இருந்தபோது அரசு அச்சு வேலைக்காக 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தான் குற்றம் செய்யவில்லை என்று ராபர்ட் கடைசி வரை சொன்னார். அவர் மேல்முறையீடு செய்தார். 1879ஆம் ஆண்டு மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அது இரு கட்சிகளும் பேசி முடித்த உடன்பாடு. இரு பக்கமும் தங்கள் மேல் இருந்த வழக்குகள் கைவிடப்பட வேண்டும் என்று விரும்பின.

எட்டுப் பெட்டிகள்

மிரட்டல் ஒரு வழி. அதைவிடத் தந்திரமான வழி ஒன்றும் இருந்தது. 1882ஆம் ஆண்டு தென் கரோலினாவில் ஒரு தேர்தல் சட்டம் வந்தது. ஓட்டுச் சாவடியில் ஒரு பெட்டி இருக்காது. எட்டுப் பெட்டிகள் இருக்கும். ஆளுநருக்கு ஒரு பெட்டி. சட்டமன்றத்துக்கு ஒரு பெட்டி. நாடாளுமன்றத்துக்கு ஒரு பெட்டி. இப்படி ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கும். சீட்டைச் சரியான பெட்டியில் போட வேண்டும். தவறான பெட்டியில் போட்டால் ஓட்டு செல்லாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? அடிமையாக இருந்தபோது அவருக்கு எழுத்தை மறுத்தார்கள். பிறகு எழுத்துத் தெரியவில்லை என்று ஓட்டையும் பறித்தார்கள்.

1895ஆம் ஆண்டு இன்னொரு அரசியல் சட்ட மாநாடு கூட்டினார்கள். மொத்தம் 160 உறுப்பினர்கள். அதில் கருப்பர்கள் 6 பேர் மட்டுமே. ராபர்ட் அதில் ஒருவர். இந்த மாநாட்டின் நோக்கம் கருப்பர்களின் ஓட்டை அடியோடு ஒழிப்பது. ஓட்டு வேண்டுமா? அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். அல்லது வாசிக்கக் கேட்டுப் புரிந்து கொண்டதாகக் காட்ட வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். தலை வரியும் கட்டியிருக்க வேண்டும். படித்தது சரியா, புரிந்தது சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி.

56 வயது ராபர்ட் எழுந்து பேசினார். தன் மக்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை என்றார். மற்ற எல்லோருக்கும் உள்ள அதே வாய்ப்பு மட்டும் போதும் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. 154 பேருக்கு எதிரே 6 பேர் என்ன செய்ய முடியும்? சட்டம் நிறைவேறியது. ராபர்ட் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். கையெழுத்துப் போடாவிட்டால் படியும் பயணச் செலவும் கிடைக்காது என்ற பேச்சு வந்தது. கையெழுத்துப் போடுவதைவிட ஊர் வரை நடந்தே போகிறேன் என்றார் ராபர்ட்.

ஒரு காலத்தில் அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இப்போது தெரியும். எதில் போடக் கூடாது என்பதும் தெரியும்.

அதன் பிறகு

ராபர்ட் பியூஃபர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் காலமானார். தான் பிறந்த குடிசைக்கு முன்னால் இருந்த அதே வீட்டில், சொந்த வீட்டில் இறந்தார்.

ஓட்டுப் போட எழுத்துத் தேர்வு வைக்கும் முறை அவர் இறந்து 50 ஆண்டுகள் கழித்துத்தான் முறிந்தது. 1965ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டம் கொண்டு வந்தது. அதற்காகப் பல்லாயிரம் மக்கள் போராடினார்கள். 2023ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை தன் போர்க் கப்பல் ஒன்றுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயர் வைத்தது. முன்பு அந்தக் கப்பலுக்கு, அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குப் படை வென்ற ஒரு போர்க்களத்தின் பெயர் இருந்தது.

ராபர்ட் தன் வாழ்நாளில் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. 1868இல் அவர் கேட்ட பள்ளிக்கூடம் வந்தது. அதை யாராலும் முழுதாகப் பறிக்க முடியவில்லை. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இழந்த ஓட்டை மீட்டார்கள்.

புதிய சொற்கள்

சுக்கான் – கப்பலைத் திருப்பும் கருவி
தீர்மானம் – சபையில் முன்வைக்கும் கோரிக்கை
அரசியல் சட்டம் – ஓர் அரசு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அடிப்படைச் சட்டம்
மேலவை – சட்டமன்றத்தின் இரண்டு சபைகளில் ஒன்று
மேல்முறையீடு – தீர்ப்பை மாற்றக் கோரிப் பெரிய நீதிமன்றத்துக்குப் போவது
தலை வரி – ஆளுக்கு இவ்வளவு என்று போடும் வரி

பதில் சொல்லுங்கள்

1. அடிமைகள் எழுதப் படிக்கக் கூடாது என்று எஜமானர்கள் ஏன் நினைத்தார்கள்?
2. கோட்டைக் காவலர்கள் பிளான்டர் கப்பலை ஏன் தடுக்கவில்லை?
3. 1868ஆம் ஆண்டு ராபர்ட் கொண்டு வந்த தீர்மானம் என்ன?
4. எட்டுப் பெட்டிச் சட்டத்தால் யாருக்கு நட்டம்?

கணக்குப் போடுங்கள்

1. ராபர்ட்டின் கையில் வாரம் ஒரு டாலர். செலவே செய்யாமல் சேர்த்தால் 800 டாலர் சேர எத்தனை வாரம் ஆகும்? ஓர் ஆண்டுக்கு 52 வாரம். அப்படியானால் ஏறக்குறைய எத்தனை ஆண்டு?
2. 160 உறுப்பினர்களில் 6 பேர் கருப்பர். மற்றவர்கள் எத்தனை பேர்?

கூடிப் பேசுவோம்

நம் நாட்டு அரசியல் சட்டம் 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் ஒரே ஓட்டு. 1951–52 முதல் பொதுத் தேர்தலில் மக்கள் சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். சின்னம் வைத்த முறைக்கும், எட்டுப் பெட்டி முறைக்கும் என்ன வேறுபாடு? எழுத்துத் தெரியாதவரை ஏமாற்றிய சம்பவங்கள் உங்கள் ஊரில் உண்டா? கைநாட்டு வாங்கும் முன் தாளைப் படித்துக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா? குழுவில் பேசுங்கள்.

எழுதிப் பாருங்கள்

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயரையும், தந்தை அல்லது கணவர் பெயரையும், வயதையும், வீட்டு எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். தவறு இருந்தால் திருத்தக் கோரி ஒரு மனு எழுதுங்கள். அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.